மழை வருகிற படம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடியோ கேசட் கடையில்தான் அவரைப் பார்ப்பேன். லெப்பைக்குடிகாட்டுக்காரர். அகலமான பச்சை பெல்ட், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, கிட்ட வந்தால் அத்தர் வாசனை. சினிமா பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லை. சவுதியில் கட்டட வேலை பார்த்த மகனுக்காகக் கேசட் வாங்கி, ஊரிலிருந்து விமானம் ஏறுகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

வந்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டு அந்தக் கடையில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்வது அப்போது என் வழக்கம். அவர் என்னிடம்தான் கேட்பார்.

"இது வாங்கலாமா, தம்பி?"

"கதை சுமார்ங்க. பாட்டு பரவால்ல."

"அதை வுடுங்க. மழை வருதா?"

மகன் கேட்டது அது ஒன்றுதானாம். நான் தலையில் அடித்துக்கொண்ட படங்களைக்கூட ஒரு மழைப் பாட்டுக்காகச் சிரித்தபடி வாங்கிப் போயிருக்கிறார்.

ஒரு சித்திரை மாதம், வெகுநாள் கழித்து வந்தார். அவர் கேட்குமுன் நானே ஒரு கேசட்டை நீட்டினேன்.

"படம் குப்பைங்க. ஆனா கடைசியில ஒரே மழை. தாராளமா வாங்கலாம்."

அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"மவன் மௌத்தாயிட்டான், தம்பி. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க."

அவர் கடைக்காரரிடம் திரும்பினார்.

"அந்த மழையை மட்டும் போட்டுக் காட்டுங்க. அவன் என்னத்தைப் பாத்தான்னு நானும் பாக்குறேன்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார். மழை பெய்தது, படமும் முடிந்தது. வெறும் திரை புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்தது. அதையும் மழை என்றே நினைத்தாரோ என்னவோ, அவர் எழுந்திருக்கவில்லை. கடைக்காரரும் அணைக்கவில்லை.