வீட்டில் தெரியக் கூடாத சென்ட்

காதுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் காவலாளியைப் பார்ப்பார்கள், அல்லது கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொள்வார்கள். இவர் நேராகப் போய் லிஃப்ட் கதவில் காதை வைப்பார். உள்ளே கயிறு முனகுகிறதா, சக்கரம் பல்லைக் கடிக்கிறதா, கதவு மனசில்லாமல் மூடுகிறதா என்று கேட்பார். "நல்லாத்தான் ஓடுது சார்" என்று காவலாளி சொன்னால் போச்சு. நன்றாக ஓடுகிற லிஃப்ட் எதையோ மறைக்கிறது என்பது அவருடைய கட்சி.

இந்தக் குணத்தைச் சாயங்காலம் சீருடையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஃப்ரிட்ஜ் உறுமுவதை நிறுத்தினால் எழுந்து போய்ப் பார்ப்பார். மனைவி "சரிங்க" என்றால், இது எந்த வகை "சரிங்க" என்று சாப்பிட்டு முடிக்கும்வரை யோசிப்பார்.

மனைவி மட்டும் இளைத்தவளா? மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம். அடிக்கடி இருமல் மருந்து கேட்டு வருகிறவனை, "எங்க, ஒரு தடவை இருமுங்க பார்ப்போம்" என்று இருமவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பாள். சந்தேகத்தில் இவ்வளவு பொருத்தமான ஜோடி அந்தத் தெருவில் வேறு கிடையாது.

சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில்தான் காதுக்காரரின் இன்னொரு வாழ்க்கை. சுவரில் சாய்த்த பழைய மெத்தை, ஜன்னலில் கம்பளிப் போர்வை, மேசையில் கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு ஹெட்போனும், மூலையில் ஒரு மைக்கும். தெரிந்தவர்கள் பாடிக் கொடுப்பதை அங்கே உட்கார்ந்து மிக்ஸ் பண்ணுவார். ஒவ்வொரு குரலையும் அளவாக ஏற்றி இறக்க வேண்டும். அதில் கொஞ்சம் கிள்ளி எதிரொலிக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புகிற வழிக்கு அந்த வேலையில் சென்ட் என்று பெயர். ஒற்றை வழியில் அனுப்பினால் மோனோ சென்ட். எதிரொலி நடுவில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். இடம், வலம் என்று இரண்டு வழியில் அனுப்பினால் ஸ்டீரியோ சென்ட். குரல் அறை முழுக்கக் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். காதுக்காரர் ஸ்டீரியோ பக்தர். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்க மோனோ என்று ஒரு பட்டன் உண்டு. அதன் மேல் தூசி படிந்திருந்தது. "ரெண்டு காது இருக்கிறவன் எதுக்கு ஒத்தைக் காதுல கேட்கணும்" என்பார்.

வினை மாமனார் வழியாக வந்தது. அவர் ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். சங்கிலி பிடித்து ஊரை அளந்த கையில் இப்போது ஒரு பழைய ரேடியோ மட்டும் இருக்கிறது. உள்ளூர் வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பங்கள் பாடி அனுப்பும் பாட்டுகளைப் போடுவார்கள். "ரெண்டு பொண்ணும் சேர்ந்து பாடி நான் இதுல கேட்கணும்" என்று ரேடியோவின் தலையில் தட்டிச் சொல்லிவிட்டார்.

சின்னவள், அதாவது காதுக்காரரின் கொழுந்தியாள், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் பிரேக்கில் காலை வைத்தபடியே வாழ்கிறவள். நல்ல குரல். அது நல்ல குரல் என்று அவளுக்கும் தெரியும். அக்காவும் தங்கையும் அந்தச் சின்ன அறையில் நின்று பாடிக் கொடுத்தார்கள். பெரியவளான மனைவியின் குரலும் இனிமைதான். ஆனால் நான்காவது வரியின் முடிவில் ஸ்ருதி கொஞ்சம் கீழே இறங்கியது. நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாத அளவு. காதுக்காரருக்கு, தரையோடு சமமாக நிற்காத லிஃப்ட் மாதிரி தெரிந்தது.

லிஃப்டாக இருந்தால் "பழுது" என்று பலகை மாட்டியிருப்பார். மனைவிக்கு மாட்டுகிற பலகை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "இன்னொரு தடவை பாடறியா" என்று கேட்டால் "ஏன்" என்பாள். ஆகவே ஒரு காரியம் செய்தார். மனைவியின் நேர்க் குரலைத் தரையோடு தரையாக இறக்கினார். அதையே ஸ்டீரியோ சென்டில் ஏற்றி, குரலை அகலமாக்குகிற ஒரு வித்தைக்குள் அனுப்பினார். ஹெட்போனில் கேட்டால் அவள் குரல் இரண்டு பக்கமும் பனி மாதிரி பரவி நின்றது. பனிக்குள் பள்ளம் யாருக்குத் தெரியும்? கொழுந்தியாளுக்கு எந்தப் பூச்சும் தேவைப்படவில்லை. ஒற்றை மோனோ சென்ட், அவ்வளவுதான்.

இந்தச் சாமர்த்தியத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். மைக் விற்கிற கடைக்காரர் ஒருவர் சிநேகிதர். அவரைப் போனில் பிடித்தார்.

"கொழுந்தியாளுக்கு ஒரே ஒரு சென்ட்தான் போட்டேன். அவளுக்கு அதுவே எடுப்பா இருக்கு… இல்லப்பா, வீட்ல தெரியாது. தெரிஞ்சா தொலைஞ்சேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்தது அவருடைய சட்டை. மெல்ல மூக்கருகே கொண்டுபோனாள். கிரீஸ் வாசனைதான் வந்தது. அது அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஆள் உஷார் என்று புரியவைத்தது.

மறுநாள் மருந்துக் கடையிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள்.

"உங்க அத்தான் உனக்கு சென்ட் ஏதாவது வாங்கித் தந்தாரா?"

"அவரா? ஒரு டீ வாங்கித் தந்ததில்ல. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்குற ஆளா அக்கா? தந்தா வாங்கிக்கட்டுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

"வாங்கித்தான் பாரேன்."

தங்கை இதை ஒரு வேடிக்கையாக அப்பாவிடம் சொல்லிவைத்தாள். அவருக்கு சென்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். உடனே பெரியவளைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை சின்னவ பேர்ல இடம் வாங்கியிருக்காராமே. எத்தனை சென்ட்?"

"அப்பா, அது பூசிக்கிற சென்ட்."

"இடத்தை எப்படிம்மா பூசிக்க முடியும்? ரோடு எந்தப் பக்கம்னு கேளு. மூணு பக்கம் சுவரா இருந்தா வேண்டாம்னு சொல்லு."

சனிக்கிழமை காலை காதுக்காரர் முடித்த பாட்டை மனைவியின் போனுக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் வானொலிக்குக் கொடுத்தாக வேண்டும். அவள் போனை உப்பு டப்பா மேல் சாய்த்துவைத்துக் கேட்டாள். தங்கை கணீரென்று முதல் வரியைப் பாடினாள். அடுத்த வரி இவளுடையது. தாளம் மட்டும் போயிற்று, ஆள் ஏறாத பஸ் மாதிரி. மறுபடி தங்கை. மறுபடி காலி பஸ். அடுப்பை அணைத்தாள். அவளுக்கு எல்லாமே விளங்கிவிட்டது, தப்பாக.

"என்னங்க. இதுல நான் எங்க?"

"எங்கன்னா? பாட்டு முழுக்க இருக்கியே. இந்தா, ஹெட்போன்ல கேளு."

கேட்டாள். பனியாகப் பரவியிருந்தாள்தான். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதுல வர்றேன். அதுல வரல. அப்பா ஹெட்போன் மாட்டிக்கிட்டா ரேடியோ கேக்குறாரு?"

"உன் போனைக் கீழ போட்டியா?"

"போனைச் சொல்லாதீங்க. என் தங்கச்சி குரல் மட்டும் அதே போன்ல எப்படி மணக்குது? சென்ட் போட்டிருக்கீங்கல்ல, மணக்கத்தான் செய்யும்."

காதுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சென்ட் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? மைக் கடைக்காரரையே சந்தேகப்பட்டார்.

"யாரு சொன்னா?"

"ஆக, போட்டது நிஜம்."

"போட்டேன். அவளுக்கு மோனோதான் போட்டேன். உனக்குத்தானே ஸ்டீரியோ, அதுவும் தாராளமா."

"எனக்குப் போட்டது எனக்கே மணக்கலையே."

தன் போனை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதிலும் மனைவி இல்லை. சொந்தப் போனே காலை வாரிவிட்டது.

மனைவி குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "நாளைக்கு அப்பா ரேடியோவுல என் குரல் வரணும். வரலைன்னா இனிமே இந்த ரூம்ல நானும் பாட மாட்டேன், நீங்களும் மிக்ஸ் பண்ண மாட்டீங்க. இங்க துணி அலமாரி வரும்" என்றாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

காதுக்காரர் தூசியை ஊதிவிட்டு மோனோ பட்டனை அழுத்தினார். அறையில் மனைவி காணாமல் போனாள். எடுத்தார், வந்தாள். அழுத்தினார்; போனாள். லிஃப்ட் மெக்கானிக்குக் காரணம் புரிய வெகுநேரம் ஆகவில்லை. லிஃப்ட் பெட்டி மேலே ஏறினால், மறுமுனையில் கட்டிய எடை கீழே இறங்கும். அந்த அகலமாக்கும் வித்தையும் அப்படித்தான். இடது பக்கக் குரல் மேலே போகும்போது வலது பக்கக் குரல் கீழே போகும். தனித்தனி ஸ்பீக்கரில் பிரமாதமாக இருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் சேர்ந்தால் ஏறினதும் இறங்கினதும் கணக்குத் தீர்ந்து, ஒன்றும் மிஞ்சாது. போனிலும் ஒரே ஸ்பீக்கர். மாமனாரின் ரேடியோவிலும் ஒரே ஸ்பீக்கர்.

சென்ட் என்றால் என்ன என்பதையும் அப்போதுதான் அவளுக்குப் பட்டனைக் காட்டிச் சொன்னார். "இதுக்குப் பேருதான் சென்டா?" என்று திரையை நெருங்கிப் படித்துப் பார்த்தாள். பாதிச் சந்தேகம் இறங்கியது. மீதி நின்றது.

"சரி. வீட்ல தெரியக் கூடாதுன்னு எதைச் சொன்னீங்க?"

அவர் அகல வித்தையைக் கழற்றினார். மனைவிக்கும் ஒற்றை மோனோ சென்ட் வைத்தார். மிச்சம் இருந்தது அவளுடைய நேர்க் குரலை மேலே ஏற்றுவது. கை அங்கே போய் நின்றுவிட்டது. ஏற்றினால் நான்காவது வரி அப்படியே வெளியே வரும். ஏற்றாவிட்டால் அலமாரி வரும். பின்னால் அவள் மூச்சு விடுவது கேட்டது. அது எந்த வகை மூச்சு என்று ஆராய அவருக்குத் தைரியம் வரவில்லை. ஏற்றினார்.

மோனோவில் பாட்டு ஓடியது. அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடினார்கள். மனைவியின் முகம் மலர்ந்தது. நான்காவது வரி வந்தது, முடிவில் இறங்கியது. முகம் அப்படியே நின்றது.

"அந்த இடத்தைத் திரும்பப் போடுங்க."

போட்டார்.

"இறங்குதே."

"லேசா."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட் முனகுவதைச் சுவர் தாண்டிக் கேட்கிறவர், கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நான்கூட ஆசைக்குத்தான் சென்ட் அடிச்சீங்கன்னு சந்தேகப்பட்டேன்" என்றாள் மனைவி. "நாத்தத்தை மறைக்க அடிச்சிருக்கீங்க."

"அப்படி இல்லம்மா."

"எப்படி இல்ல? நல்லா இருந்த குரலுக்கு ஒண்ணே ஒண்ணு. என் குரலுக்குத் தாராளமா."

அவள் இடுப்பில் செருகியிருந்த ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். மறுபடி பாடப் போகிறாள் என்று அவர் அவசரமாகப் பட்டனைத் தேடினார். அவள் மைக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பி வந்துவிட்டாள். "அப்படியே அனுப்புங்க. இறங்கினாலும் நான்தானே இருக்கேன்."

அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் மாமனார் போன் செய்தார். "ரெண்டு பேரும் வந்தீங்கம்மா. குரல் ரெண்டும் இப்ப ஒரே மாதிரி ஆயிடுச்சு, எது யாருன்னு முதல்ல தெரியல. ஒரு இடத்துல இறங்குச்சு பாரு, அப்பவே பெரியவதான்னு கண்டுபிடிச்சுட்டேன். ஸ்கூல்லயும் அங்கதானே இறங்குவே." குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும், அந்த இடம் எத்தனை சென்ட்? மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கிறாரே."

போனை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. அல்லது வெங்காயமாகவும் இருக்கலாம். காதுக்காரர் இரண்டையும் சந்தேகப்பட்டார். இதுதான் சமயம் என்று நினைத்து, "பாட்டுல நீ நிஜமாவே நல்லா பாடியிருந்த" என்றார்.

அவள் வெங்காயத்தை வெட்டியபடியே கேட்டாள்: "இதை மோனோவுல சொல்றீங்களா, ஸ்டீரியோவுல சொல்றீங்களா?"

அலமாரி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் எதைப் பாராட்டினாலும் இந்தக் கேள்வி வருகிறது. மோனோ என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் ஒரு முறை அவருடைய முகத்தருகே வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.