நான்கு நாள் சந்தை

ஆப்பிரிக்காவைக் கைப்பற்றும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை முதலில் ஆடியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பழைய போர் வியூக விளையாட்டு ஒன்றுக்கு யாரோ ஒரு ரசிகர் எழுதிச் சேர்த்த சினாரியோ அது. வரைபடம், படைகள், விதிகள் எல்லாம் அவர் செய்தவை. ஆங்கிலேயராக ஆடலாம், பிரெஞ்சுக்காரராக ஆடலாம், ஜெர்மானியராகக்கூட ஆடலாம். ஆப்பிரிக்கராக மட்டும் ஆட முடியாது. கடற்கரையைத் தாண்டினால் வரைபடம் முழுக்கச் சாம்பல் நிறம். அங்கே ஆளே இல்லையாம். யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்?

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. அந்தத் திமிரில், நானே ஒன்று எழுதுகிறேன் என்று இறங்கினேன். நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஊர்களை எடுத்துக்கொண்டேன். அவர்களுக்குப் பேரரசர் இல்லை, தலைநகரும் இல்லை. ஊர் ஊராகத்தான் பிடிக்க வேண்டும். நிஜத்தில் கடைசியில் ஆங்கிலேயர் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏமாற்று வேலை இல்லாமல், விதிப்படி ஆடி, அந்த ஊர்கள் ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் மனைவி வெள்ளைக்காரப் படையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இரக்கமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், காபி போடும் நேரத்துக்குள் என் ஊர்கள் எல்லாம் காலி.

"என்னாங்க, உங்காளுங்க ஒருத்தனுக்கொருத்தன் ஒதவிக்கே வர மாட்றானுங்க?" என்று சிரிப்பாள்.

அவள் சொன்னது சரிதான். ஓர் ஊர் பற்றியெரிவது பக்கத்து ஊருக்குத் தெரிய நான் வழியே வைக்கவில்லை. அதை யோசித்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் போன ஒருநாள், குந்தாரப்பள்ளி சந்தைக் கூட்டத்தில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆட்டு விலை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஏறி இறங்கியது. எந்த ஊரில் கல்யாணம், எங்கே தகராறு என்பதெல்லாம் கூடவே கைமாறியது. டிரைவர் ஹாரனை அழுத்தித் திட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கூட்டத்தைக் கும்பிடாத குறை. அன்றைக்கே விளையாட்டில் சந்தையைச் சேர்த்தேன். சந்தை கூடினால் தானியம் வரும், சேதி பரவும், ஆள் திரளும். நம் பக்கம் போலவே ஊருக்கு ஒரு கிழமை, ஏழு நாளைக்கு ஒரு சந்தை.

அப்போதும் அவளே ஜெயித்தாள். அடுத்த சந்தை கூடுவதற்குள் மூன்று ஊர்களை முடித்துவிடுவாள்.

மனம் விட்டுப்போய், ரசிகர்களின் இணையதளத்தில் அதை அப்படியே போட்டுவிட்டேன். நைஜீரியாவிலிருந்து ஒருவர் எழுதினார். "ஒருவழியாக நீங்களாவது எங்கள் சந்தையை வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஏழு நாளைக்கு ஒன்று என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் ஒரு வாரம் என்பதே நான்கு நாள்தான். என் அம்மா இன்றும் அந்தக் கணக்கில்தான் சந்தைக்குப் போகிறார்."

படித்துவிட்டு வெட்கமும் சிரிப்புமாக உட்கார்ந்திருந்தேன். உலகம் முழுக்கக் குந்தாரப்பள்ளி என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது! ஏழு என்ற எண்ணை அழித்து நான்கு என்று அடித்தேன். வேறெதையும் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வழக்கம்போல முதல் ஊரைப் பிடித்தாள். இரண்டாவது ஊரை அவள் படகு நெருங்குவதற்குள் சந்தை கூடிவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஆற்றின் இரு கரையிலும் நின்றார்கள். அவள் படை வந்த வழியே திரும்பியது.

"இன்னா பண்ணீங்க?"

"சந்தை நாள மட்டும்தான் மாத்தினேன்."

லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்த வாட்டி ஊருங்க என்து. நீங்க வெள்ளக்காரனா இருங்க."

ஒவ்வொரு விதியும் நான் எழுதியது. இயந்திரத் துப்பாக்கிகளும் என்னிடம்தான் இருந்தன. விளக்கு வைப்பதற்குள் என்னைக் கடற்கரை வரை துரத்திவிட்டாள். வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் தோற்றதே இல்லை.