யாகூபின் சொந்த வசனங்கள்

மாத்தளை, திருகோணமலை வீதியில் றஹீம் முதலாளியின் புடவைக் கடையில் யாகூப் வேலை பார்த்தார். இரண்டு யார் நீளச் சீத்தைத் துணி கேட்டு வந்தவர்கள் ஐந்து யார் வாங்கிக்கொண்டு, ஏன் வாங்கினோம் என்று பஸ்ஸில்தான் யோசிப்பார்கள். அவ்வளவு பேச்சு. அந்தப் பேச்சு கடை வாசலைத் தாண்டியது 1953இல்.

அந்த வருடம் வாலிபர் சங்கம் நாடகம் போட்டது. யாகூபுக்குப் பொலிஸ்காரன் வேடம். மேடைக்கு வந்து, "உன்னைக் கைது செய்கிறேன்" என்று சொல்லிக் கள்வனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்குமேல் வசனம் இல்லை. ஆனால் கள்வனாக நடித்தவர் மத்தியானம் ஒரு கலியாண வீட்டில் அளவுக்கு மீறிச் சாப்பிட்டிருந்தார். கைது செய்யப்பட வேண்டிய நேரத்தில் அவர் மண்டபத்துக்குப் பின்னால் வேறு அவசரத்தில் இருந்தார்.

யாகூப் மேடையைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். பிறகு மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பிரமுகரிடம் போய், "களவு நடந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். மண்டபம் அதிர்ந்தது. பிரமுகர் பதில் தேடித் தடுமாறியதால் சிரிப்பு இரட்டிப்பானது. விசாரணை பதினெட்டு நிமிடம் நடந்தது. கடைசியில் கள்வன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, "நீ போப்பா, பொலிஸ்காரன் பேசட்டும்!" என்று சனம் அவரைத் துரத்தியது.

அதற்குப் பிறகு மாத்தளையில் யாகூப் இல்லாத நாடகம் இல்லை. நாடகம் எழுதியவர்களுக்கு மட்டும் அவரைக் கண்டால் நெஞ்சு இடிக்கும். எழுதியது எது, யாகூப் போட்டது எது என்று தங்களுக்கே தெரியாமல் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

1959இல் வானொலியில் வாராந்த நகைச்சுவை நாடகம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். தபால்காரன் வேடம். வசனப் பிரதியில் மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். மூன்று வாரம் யாகூப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதையே வாசித்தார். நான்காவது வாரம், நேரடி ஒலிபரப்பில், "ஐயா, உங்களுக்குக் கடிதம்" என்றதோடு நிறுத்த முடியவில்லை.

"கொடுக்க முன்ன நானே வாசிச்சிட்டேன் ஐயா. பயப்பட ஒண்ணுமில்ல. மருமகனுக்கு வேல கெடைக்கலையாம். மந்திரிக்குச் சொந்தக்காரன் ஆகாம எப்படிக் கெடைக்கும்?"

பேச்சு அதோடும் நிற்கவில்லை. பத்து நாளில் வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றைய பாத்திரத்துக்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் பதினொன்று, பேசப்பட்டவை நாற்பத்து மூன்று, மேலதிகமான முப்பத்திரண்டு சொற்களுக்கும் விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தது. யாகூப் முப்பத்திரண்டுக்கும் தனித்தனியாக எட்டுப் பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. அழைப்பும் வரவில்லை.

"எட்டுப் பக்கம் எதுக்குங்க? 'மன்னிக்கவும்'னு ஒரு சொல்லு எழுதியிருக்கலாமே" என்றார் மனைவி ஜுனைதா.

"அந்த ஒரு சொல்லுக்கும் மூணு பேர் கையெழுத்து வாங்கணுமே" என்றார் யாகூப்.

ஆனாலும் 'ரேடியோ யாகூப்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எழுபதாம் ஆண்டுத் தேர்தலில் அந்தப் பெயருக்காகவே ஒரு வேட்பாளர் அவரைத் தேடி ஆளனுப்பினார். பக்கத்து ஊரான பலாபத்வலயில் கூட்டம். வேட்பாளருக்குச் சிங்களம் மட்டும்தான். வழக்கமாக மொழிபெயர்ப்பவருக்குக் காய்ச்சல். யாகூப் ஒலிவாங்கி முன்னால் நின்றார்.

"நானும் உங்களில் ஒருவன்" என்றார் வேட்பாளர், சிங்களத்தில்.

"வேட்பாளர் மாத்தயா நம்மள்ல ஒருத்தராம்," என்றார் யாகூப். "அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா."

சனம் சிரித்தது. வேட்பாளர் மகிழ்ந்துபோனார். "இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவேன்!"

"தண்ணி வருமாம். போன தேர்தல்ல பொறப்பட்ட தண்ணிதான். நடந்து வருது போல, இன்னும் வந்து சேரல்ல."

இரண்டு மொழியும் தெரிந்தவர்கள்தான் அங்கே அதிகம். அவர்கள் சிங்களத்துக்கு ஒரு தடவை, தமிழுக்கு ஒரு தடவை சிரித்தார்கள். தன் பேச்சு இவ்வளவு எடுபடுவதை வேட்பாளர் அதுவரை கண்டதில்லை. இருபது நிமிடம் பேச வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார்.

திரும்பும் வழியில், தமிழ் தெரிந்த சாரதி, நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். வேட்பாளர் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "நாளைக்கும் அவனையே கூப்பிடு. சிரிக்கிறவன் கல்லெறிய மாட்டான்" என்றார்.

அவர் வென்றார். வெற்றிக் கூட்டத்தில் யாகூபின் தோளில் கைபோட்டு, "உங்கள் திறமைக்கு ஏதாவது செய்வேன்" என்றார். இதை மட்டும் யாகூப் எதையும் சேர்க்காமல் அப்படியே மொழிபெயர்த்தார். சனம் அன்றைக்கு எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகம் சிரித்தது.

பதவியில் இருந்த ஏழு வருடமும் அவருக்கு அந்த வாக்கு ஞாபகம் வரவில்லை. பதவி போய், வீட்டில் சும்மா இருந்தபோது வந்தது. 1979இல் கொழும்பில் தொலைக்காட்சி தொடங்க, அங்கே வேலை செய்த தன் மருமகனுக்கு யாகூபைப் பற்றி ஒரு கடிதம் கொடுத்தார்.

யாகூப் புதுச் சேர்ட் தைத்துப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனார். சுற்றிலும் விளக்கு, எதிரே கமரா, கேட்க ஒருவருமில்லாத அறை. மருமகன் பெருந்தன்மையாகச் சொன்னான்: "மூணு நிமிஷம், அங்கிள். எழுத்து ஒண்ணும் இல்ல. நீங்க விரும்பினதப் பேசுங்க."

வாழ்நாளெல்லாம் அவர் கேட்டது அதைத்தான். யாகூப் வாயைத் திறந்தார். பிரமுகர் இல்லை, வேட்பாளர் இல்லை, தடை சொல்ல அதிகாரி இல்லை. யாரை எதிர்த்துப் பேசுவது? வாயை மூடினார். வியர்வையைத் துடைத்தார். மறுபடி திறந்தார். கமராவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். மூன்று நிமிடம் முடிந்தது. போடுவதற்கு வேறொன்றும் இல்லாததால் அதையே ஒளிபரப்பினார்கள்.

அந்த ஒளிபரப்பு மலை ஏறி மாத்தளைக்கு வரவில்லை. யாகூப் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து ஜுனைதாவின் தங்கை மஸீஹாவின் கடிதம் வந்தது. ஜுனைதா சத்தமாக வாசித்தார்: "மச்சானைப் பார்த்துத் தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது. ஒரு சொல்லும் பேசாமல் எப்படி அப்படி நடித்தார்?"

யாகூப் கடிதத்தை வாங்கித் தானே இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தார். இருபத்தாறு வருடம் பேசிய வாய் அது. கிடைத்த பெரிய பாராட்டு அதைத் திறக்காமல் இருந்ததற்கு!

அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். அதே மாதிரி, பேசாமல் நடிக்க. கோபத்தோடுதான் போனார், ஆனால் போனார். நான்கு நிகழ்ச்சிகளில் நடித்தார். அவரை அண்ணனாக எண்ணி 'நானா' என்று கூப்பிடும் மாத்தளையில் ஒருவரும் நம்பவில்லை. "யாகூப் நானா பேசாம இருந்தாராம்! யாருகிட்ட கத வுடுறீங்க?" என்று கடைக்கு வந்து கேட்டார்கள். யாகூப் துணிக்கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, தான் எப்படிப் பேசாமல் இருந்தார் என்பதை அரை மணி நேரம் விளக்கினார்.