திருப்பிக் கொண்டுவரச் சொன்னவள்

நாய் விற்றே மாடி வீடு கட்டிவிட்டாள் என்று தெருவில் அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. மாடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருப்பது மூன்று அறைகளும் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும்தான். கொட்டகைத் தரையின் கிருமிநாசினி வாடை அவள் துணிமணியிலும் ஏறிவிட்டது. எத்தனை துவைத்தாலும் போகாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொள்வார்கள். எல்லோருக்கும் அவள் நாய்க்காரம்மா. வங்கியில் யாராவது சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கணம் முழிப்பாள்.

வருடத்துக்கு ஒரே ஈற்று, அதுவும் லாப்ரடார் மட்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் சேர்க்கமாட்டாள். குட்டி போட்டுவிட்டால் கொட்டகையிலேயே பாய் விரித்துப் படுப்பாள். தாய் புரண்டு படுக்கும்போது ஒன்றை நசுக்கிவிட்டால் என்ன செய்வது? ஊசி, பூச்சி மருந்து, பால் பவுடர், டாக்டர் என்று போனது போக, கையைக் கடிக்காமல் இருந்தாலே பெரிய விஷயம். வாங்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? "சந்தையில பாதி விலைக்குத் தர்றாங்களே" என்று மூக்கால் அழுவார்கள்.

"அங்கயே வாங்கிக்குங்க. மீதிப் பாதியை அப்புறம் டாக்டர்கிட்ட குடுத்துக்கலாம்" என்பாள். ஒரு காலத்தில் இதை வெடுக்கென்று சொல்வாள். சொல்லிச் சொல்லி அதிலிருந்த காரமெல்லாம் போய், இப்போது வெறும் அலுப்புதான் மிச்சம்.

விலை படிந்தாலும் குட்டி சுலபத்தில் கைக்கு வராது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடென்றால் வீட்டுக்காரரைக் கேட்டாயிற்றா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று குடைந்து எடுத்துவிடுவாள். சொந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவள் இத்தனை கேள்வி கேட்கவில்லை என்று கணவர் கேலி செய்வார். எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு, குட்டியைக் கையில் கொடுக்கும்போது ஒரு பேச்சு உண்டு.

"வச்சுக்க முடியாமப் போச்சுன்னா யார் தலையிலயும் கட்டிடாதீங்க. தெருவுல விட்றாதீங்க. எத்தனை வயசானாலும் சரி, எங்கிட்டயே கொண்டாந்துடுங்க. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

உடம்பில் தெம்பு இருந்த வயதில் ஆரம்பித்த பழக்கம் அது. நாய்க்கு வயதாகும் என்று யோசித்தவள், தனக்கும் கூடவே வயதாகும் என்பதை யோசிக்கவில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்று ஒன்று திரும்பி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துபோய், இரண்டு பேருக்கும் வேண்டாமல் ஒன்று வந்தது. சோபாவைக் கடித்துக் குதறியதற்காகக்கூட ஒன்று வந்தது. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அவை சாகும்வரை சோறு போட்டு, மருந்து போட்டு, கடைசியில் குழியும் அவள்தான் வெட்டினாள்.

போன வருடம் முழங்கால் இரண்டும் ஒரேயடியாக மக்கர் பண்ண ஆரம்பித்தன. போதும்டா சாமி என்று கடையைக் கட்டினாள். கடைசி ஈற்றுக் குட்டிகளும் விலைபோயின. தாய் நாயை டாக்டரே ஆசைப்பட்டு அழைத்துக்கொண்டு போனார். கொட்டகை காலியானது. இனி மகளிடம் போகலாம்.

மகள் வேறு ஊரில், அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கட்டடத்தில் நாய், பூனை எதையும் உள்ளே விடமாட்டார்கள். பிரசவத்துக்குக் கூட இருக்க நாய்க்காரம்மா டிக்கெட் எடுத்துப் பெட்டியும் கட்டிவிட்டாள். "வந்தா வாம்மா" என்றுதான் மகள் சொல்லியிருந்தாள். அதில் இருந்த நம்பிக்கையின்மை தாய்க்குப் புரியாமல் இல்லை. இந்த ஒரு தடவையாவது போய் நின்றுவிட வேண்டும் என்று அவள் தவித்தாள்.

பயணத்துக்கு முந்தின நாள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பின்கதவைத் திறந்து ஒரு கிழட்டு நாயைத் தூக்கி இறக்கினார். மூஞ்சி முழுக்க நரைத்திருந்தது, பின்னங்கால்கள் பின்னின. ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நெஞ்சிலிருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் நாயைத் தெரிந்துவிட்டது.

"வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கும்மா. குடும்பத்தோட போறோம். இந்த வயசுல இதை விமானத்துல ஏத்தாதீங்க, தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் அவர். "என் மச்சான் கேட்டான். தோட்டத்துல கட்டிப்போட்டு வச்சுக்கறேன்னான். மனசு வரல. நீங்க சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு."

மெத்தை, தட்டு, மாத்திரைப் பை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவரைத் திட்டவும் அவளுக்கு வழியில்லை. எத்தனையோ பேர் தலையை ஆட்டிவிட்டுப் போய் நாயை எங்கெங்கோ தள்ளிவிட்டார்கள். சொன்ன சொல்லை மதித்து வந்தவர் இவர். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அதெல்லாம் நிறுத்தியாச்சு தம்பி. கடையே இல்ல, இப்ப வந்து சரக்கைத் திருப்பிக் குடுத்தா எப்படி?" என்றார் உள்ளேயிருந்து வந்த கணவர்.

அதையே அவளும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. நாயோ இந்தப் பேச்சு எதற்கும் காத்திருக்காமல், நிற்க முடியாமல் வாசற்படியிலேயே மெல்லக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. அதற்கும் அவளுக்கும் ஒரே முழங்கால்.

"மாத்திரை எத்தனை வேளை?" என்று கேட்டாள்.

கார் போன பிறகு கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

"அதைத் தூக்கித்தான் வெளிய விடணும். ஆபரேஷன் பண்ண வயித்தை வச்சுக்கிட்டு நீங்க தூக்குவீங்களா?"

"அப்ப பாப்பாகிட்ட என்ன சொல்லப்போற?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. மகள் ஒருமுறை இந்த வீட்டுக்குப் பெட்டியோடு வந்திருந்தாள். புருஷனோடு இருக்க முடியவில்லை என்று கொட்டகை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். உள்ளே தாய் நாய்க்குக் குட்டி குறுக்கே சிக்கியிருந்தது. கை நிறைய ரத்தத்தோடு, "இரு, வரேன்" என்றாள் நாய்க்காரம்மா. அந்த 'வரேன்' வரவே இல்லை. ஈற்று ஒருவழியாக முடிந்ததும், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி, மூன்றாம் நாளே மகளைப் பஸ் ஏற்றிவிட்டாள். ஏன், எதற்கு என்று உட்கார்ந்து கேட்கவில்லை. அதற்குப் பிறகு மகள் எந்தக் குறையையும் வீட்டில் சொன்னதில்லை.

போனில் விஷயத்தைச் சொன்னபோதும் மகள் சண்டை போடவில்லை.

"சரிம்மா. பாத்துக்கறேன்."

"யாருடி பாத்துப்பா?"

"ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க. எப்பவும் நடக்கறதுதான, விடு."

அந்த 'விடு' அவளை அறைந்தது. இத்தனை வருடம் முன்பின் தெரியாத ஆட்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னதை, வயிற்றில் சுமந்து பெற்ற மகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீ இங்க வந்துடு பாப்பா. டாக்டரைக் கேட்டுக்க, அப்பா வந்து கார் வச்சுக் கூட்டிட்டு வருவாரு. கொழந்தை பொறந்தப்புறமும் இங்கயே இரு. எத்தனை வருஷம் வேணா இரு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

மகளின் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

"இதைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு நாய் திரும்பி வரணுமாம்மா?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"ஆமாடி" என்றாள் நாய்க்காரம்மா.