ரப்பருக்குப் பூசிய எண்ணெய்

ரயில் பாதைச் சாமான்களை மொத்தமாக விற்கிறவர் என்று அன்பழகன் தம்மைச் சொல்லிக்கொண்டால் புதுச்சேரியில் முதலில் சிரிப்புதான் எழும். "நம்மூருக்கு வர்ற ரயில விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்கு ஹோல்சேலா?" என்பார்கள். ஆனால் குருசுக்குப்பத்துக் கிடங்கிலிருந்து அவருடைய கிளிப்புகளும் இணைப்புத் தகடுகளும் போல்ட்டுகளும் விழுப்புரம், கடலூர் என்று பாதை வேலை நடக்கும் இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தன. இரும்பு அவருக்குப் பழகிய பொருள். கடற்காற்று இரும்பைத் தின்னும் என்பதால், வந்த சரக்கை அன்றே எண்ணெயில் முக்கி அடுக்கிவிடுவார். துருப்பிடித்தது என்று ஒருவரும் அவர் சரக்கைத் திருப்பியதில்லை.

தங்கை துர்காவின் கணவன் செம்மல் கதிர்காமத்தில் கிடங்கு போடும்வரை அவருடைய உறக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. செம்மல் இரும்பைத் தொடவில்லை, ரப்பர் விற்றான். தண்டவாளத்துக்கும் அதன் கீழுள்ள கான்கிரீட் கட்டைக்கும் நடுவே, அதிர்வு தாங்குவதற்காக வைக்கும் பட்டை. போட்டிக்கு வந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை. குடும்ப விசேஷங்களில் நாற்காலிகள் செம்மலைச் சுற்றி நகர்ந்தன. அவனுடைய புது லாரியின் ஹாரன் எந்தத் தெருவில் கேட்டாலும் அன்பழகனுக்குத் தெரிந்தது. எட்டாத தூரத்துப் பணக்காரன்மேல் யாருக்கும் வயிறு எரிவதில்லை. பக்கத்து இலையில் விழும் கூடுதல் அப்பளம்தான் கண்ணில் படுகிறது.

ஆலை ஒன்றுக்குக் கிளைப்பாதை போடும் காண்ட்ராக்டர் இராமதாஸ் எப்போதும் ரப்பரைச் செம்மலிடமே எடுப்பவர். அன்பழகன் லாபமில்லாத விலை சொல்லி அந்த ஆர்டரைத் தம் பக்கம் இழுத்தார்.

"மொத லோடு பாஸாவட்டும். வருசம் பூரா இரும்பும் ரப்பரும் உங்ககிட்டயே எடுத்துக்கறேன். சரியில்லன்னா ரெண்டுமே வாணாம்" என்றார் இராமதாஸ்.

சரக்கு வந்து இறங்கியது. மங்கலாக, சாம்பல் பூத்ததுபோல் இருந்த பட்டைகள் அன்பழகனுக்குப் பிடிக்கவில்லை. செம்மல் தன் பட்டைகளுக்கு வெள்ளைப் பவுடர் தூவி அனுப்புவது அவருக்குத் தெரியும்.

"அவன் என்ன, பொண்ணு பாக்கவா அனுப்புறான்? நம்ம சரக்கு கண்ணாடி மாதிரி மின்னணும்" என்றார்.

சுமை தூக்குபவர்களுக்குத் தலைவரான அந்தோணி சிரித்தார். "அவுரு பவுடர் போட்டா, நாம தலைக்கு எண்ணெ வெச்சி அனுப்புவோம் மொதலாளி."

எல்லாப் பட்டைகளுக்கும் எண்ணெய் ஏறியது. இராமதாஸ் பார்வையிட வருவதற்கு முதல் நாள் கட்டுகளைப் பிரித்தார்கள். பட்டைகள் ஊதிப்போய், ஓரம் சுருண்டு கிடந்தன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. இரும்பைக் காத்த எண்ணெய் ரப்பரைத் தின்றிருந்தது.

ஊரில் அதே பட்டை இருந்த இன்னொரு இடம் செம்மலின் கிடங்குதான். வெகுநேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு அன்பழகன் வண்டியை எடுத்தார்.

"வாங்க மச்சான்" என்று எழுந்த செம்மல், அவர் நீட்டிய பட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தான். தன்னிடமிருந்து பறித்த ஆர்டருக்கானது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"எண்ணெயா?"

"ஆமா மாப்ள."

"விடுங்க. எனக்கும் மொத லோடு இப்படித்தான் ஊதிப்போச்சு. பூரா வாரிக் கொட்டுனேன். வெக்கத்துல வெளிய சொல்லல." பின்பக்கம் திரும்பி, "மச்சானுக்கு வேணுங்கறத ஏத்துங்கப்பா" என்றான்.

திரும்பும் வழியில் அன்பழகனுக்கு மனம் லேசாக இருந்தது. சரக்குத் தப்பியதால் அல்ல. செம்மலும் ஊதவைத்தவன்! அந்தச் செய்தி பாயசம்போல் உள்ளே இறங்கியது.

லோடு தேறியது, வருட ஆர்டரும் கைக்கு வந்தது. அன்று மாலை தங்கைக்குப் போன் செய்தார். தித்திப்பை அவரால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஏம்மா துர்கா, உன் வூட்டுக்காரரு மொத லோடயே எண்ணெ பூசிக் கெடுத்தாராமே?"

"யாரு, இவரா? கம்பெனிக்காரன் சொன்னத மீறி ஒரு துரும்ப அசைப்பாரா? மொத நாள்லேர்ந்து பவுடர்தாண்ணா. ஒரு பட்டகூட கெட்டதில்ல. எவன் சொன்னான் உனக்கு?"

"யாரோ... சும்மா சொன்னாங்க."

போனை வைத்தபின் அன்பழகன் நாற்காலியைவிட்டு எழவில்லை. லாரி வாங்கிவிடலாம், ஆர்டரைப் பிடித்துவிடலாம். ஆனால் அந்தப் பொய்? இடம் மாறியிருந்தால் தமக்கு அது தோன்றியே இருக்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. செம்மலிடம் இருந்த எதன்மேலும் இத்தனை எரிச்சல் அவருக்கு வந்ததில்லை.

அடுத்த வாரம், செம்மலிடம் வாங்கிய பட்டைகளுக்கு ஈடாகப் புதியவை லாரியில் ஏறின.

"பவுடர்தான மொதலாளி?" என்று கேட்டுவிட்டு அந்தோணி சொன்னார்: "ஒண்ணு சொல்லணும். செம்மல் சாரு நல்ல மனுசன்."

ஆமாம் என்ற சொல் அன்பழகனின் நாக்குவரை வந்தது.

"டார்ப்பாய இழுத்துக் கட்டு. மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.