வரிக்கு வரி டா

போன ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் ஒரு டியூஷன் மாஸ்டர் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் இந்த முறை சண்டை... ஒரே ஒரு எழுத்துக்காக!

முதலில் செல்வியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையோடு படித்தவள், கீழ்பென்னாத்தூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியா கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி ஒயர் மாட்டும் வேலை. காதில் விழுந்ததை வைத்தே கொரிய மொழி பேசக் கற்றுக்கொண்டாள். அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்குக் கொரிய மொழித் தேர்வில் பாஸாக வேண்டும். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த வேங்கிக்கால் மாஸ்டரிடம்தான் கொரிய மொழி டியூஷன்.

"ஏண்டி, அதுல சம்பளம் ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

"அதுக்கில்லக்கா. பொண்ணுங்க கை வலிக்குதுன்னு அழுதா, இப்ப இருக்கிறவரு மேனேஜர்கிட்ட 'எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க'ன்னு மாத்திச் சொல்றாரு. எனக்குப் புரியுது. வாயைத் தொறக்க முடியல."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு முறை எழுதினாள். படிப்பது, கேட்பது எல்லாவற்றிலும் நல்ல மார்க். கட்டுரையில் மட்டும் அவுட்! பிரௌசிங் சென்டரில் ரிசல்ட் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

எங்கள் மாடியில் மின்ஜி குடியிருக்கிறாள். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு என்று வந்து தங்கிவிட்ட கொரியப் பெண். செல்வியின் கட்டுரை நோட்டை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் பேனாவால் சுழித்தாள். எல்லாம் 'யோ'.

"யோ... டாக்கிங். ரைட்டிங்... டா!" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். கொரிய மொழியில் 'யோ' நம்ம ஊர் 'ங்க' மாதிரி. பேச்சுக்குச் சரி. கட்டுரையில் வாக்கியம் 'டா' என்று முடிய வேண்டும். அது அவர்களுடைய எழுத்து நடை. நாம் கட்டுரையில் 'காந்தி பொறந்தாருங்க' என்றா எழுதுகிறோம்?

செல்வி மூக்கை உறிஞ்சினாள். "டா தெரியும்க்கா. புக்லயே இருக்கு. மாஸ்டர்தான் கூடாதுன்னுட்டாரு."

கிளம்பிவிட்டேன், அவளையும் இழுத்துக்கொண்டு.

மாஸ்டர் அசரவே இல்லை. "பேப்பர் திருத்துறவங்க பெரிய மனுஷங்க மேடம். அவங்களைப் போயி வரிக்கு வரி டா போடச் சொல்றீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "உங்க மரியாதையால ஒரு பொண்ணு ரெண்டு தடவை ஃபெயிலுங்க சார்!"

கவனித்தீர்களா? கத்தும்போதுகூட நான் 'ங்க' போடுகிறேன்! நம்மை அப்படி வளர்த்து வைத்திருக்கிறார்கள். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினால் மதிப்பிற்குரிய, தாழ்மையுடன், பணிவன்புடன்... தெருவிளக்கு எரியவில்லை என்பது நாலாவது பாராவில்தான் வரும். அதற்குள் படிக்கிறவர் டீ குடிக்கப் போயிருப்பார். குனிந்து கும்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொல்ல யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நாங்கள் கத்திக்கொண்டிருந்தபோது செல்வி படிக்கட்டில் உட்கார்ந்து ஏதோ எழுதினாள். நிமிர்ந்து, கொரிய மொழியில் உரக்கப் படித்தாள். எட்டு வரி. எட்டும் டா. கூடவே எனக்காகத் தமிழிலும் சொன்னாள். நாங்கள் பத்து மணி நேரம் நிற்கிறோம். எங்களுக்குக் கை வலிக்கிறது. அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை...

மாஸ்டர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, கொஞ்சம்கூட மரியாதையே இல்ல?"

செல்வி பேனாவை மூடினாள். "கை வலிக்குதுன்றதுல மரியாதைய எங்க சார் வெக்கிறது?"

அடுத்த மாதம் மறுபடி பரீட்சை. போடுடி செல்வி... வரிக்கு வரி டா!