ஆல்டர்நேட்டர் செத்த மதியம்

பத்து நாளாகவே காரின் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் எரியும், மேடேறினால் அணையும். நான் காஞ்சிபுரத்தில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவள். கோயில் பார்க்க வருகிறவர்களும் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களும்தான் என் சவாரி. அது முகூர்த்த மாதம். வண்டியை ஒரு நாள் நிறுத்த மனம் வரவில்லை.

ஒலிமுகமது பேட்டையில் என் வண்டிக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவருக்கு என் வயதுதான் இருக்கும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்நேட்டர்ல கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்மா. இப்பவே கழட்டிப் பாத்துடலாம். அப்படியே ஓட்டிக்கினு இருந்தின்னா ஒருநாள் சுத்தமா சார்ஜ் ஏறாது. அப்புறம் பேட்டரில மீதி இருக்கிற வரைக்கும்தான் வண்டி ஓடும்."

"எவ்ளோ நேரம் ஓடும்?"

"ஏசி, லைட்டு, பாட்டு எல்லாத்தையும் நிறுத்திட்டா முக்கா மணி, ஒரு மணி நேரம். ஆனா ஒண்ணு, இன்ஜினை மட்டும் ஆஃப் பண்ணிடாத. திரும்ப ஸ்டார்ட் ஆவாது."

"நாளைக்கு வரேன்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகவில்லை.

அந்த வாரமே வியாழக்கிழமை மதியம் ஒரு குடும்பத்தைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு நிற்கிறேன், தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. "ஹலோ" என்றேன். பேச்சு இல்லை. எதையோ சுவரில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு மூச்சு, இன்னொரு மோதல். அது என்ன சத்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

என்னைவிட அவள் எட்டு வயது சின்னவள். அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் நான், மாகறல் கிராமத்தில் அந்த ஆளுக்குக் கட்டிக் கொடுத்ததும் நான். மூன்று முறை அடி வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மூன்று முறையும் அவன் வந்து அழுதான், அவள் கூடவே போனாள். போக வேண்டாம் என்று ஒரு முறைகூட நான் அழுத்திச் சொல்லவில்லை. அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

வண்டியை விரட்டினேன். ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பிறகு அணையவே இல்லை. காலையிலிருந்து ஏசி போட்டு ஓட்டிய வண்டி. ஏசியை நிறுத்தினேன், பாட்டை நிறுத்தினேன், சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கினேன். திரும்பி எலக்ட்ரிகல் கடைக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். காதில் அந்த மோதல் சத்தமே கேட்டது. போய்க்கொண்டே இருந்தேன்.

அவள் வீட்டு வாசலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினை அணைக்காமல் இறங்கினேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. அடுப்பங்கரைத் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கூந்தலை அவன் கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்திருந்தான். இன்னொரு கையில் பூரிக்கட்டை. அவளுடைய இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் நிறுத்தவில்லை. நான் பார்க்கட்டும் என்பதுபோல் அவள் தோளில் இன்னொரு அடி போட்டான். எலும்பில் விழுந்த சத்தம் கேட்டது.

"உட்றா அவளை."

"குடும்ப விஷயம். நீ வெளிய போ."

அவன் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரே தள்ளு. பக்கத்தில் இருந்த கிரைண்டரில் என் முகம் மோதியது. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. எழுந்தபோது என் கைக்குக் குக்கர் கிடைத்தது. பாதி சோறோடு இருந்தது. அதை அப்படியே தூக்கி அவன் காதோடு சேர்த்து அடித்தேன். வலிக்கட்டும் என்றுதான் அடித்தேன். அவன் கத்திக்கொண்டு மண்டியிட்டான். கூந்தல் பிடி விட்டது. தங்கச்சியின் நைட்டியைத் தோளோடு பற்றி இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவளை முன்சீட்டில் தள்ளிவிட்டு நான் ஏறிக் கதவைப் பூட்டுவதற்குள் அவன் கடப்பாரையோடு வந்துவிட்டான். முதல் அடியில் பின்கண்ணாடி போனது. இரண்டாவது என் பக்கத்து ஜன்னல். கண்ணாடித் தூள் என் மடியிலும் அவள் தலையிலும் கொட்டியது. எதிர்வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஹாரனை அழுத்தி ஊரையே கூட்டலாம் என்று கை போனது. அதற்கும் பேட்டரிதான் செலவாகும் என்று கையை எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடியதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

அவன் வண்டிக்கு முன்னால் வந்து நின்று பானெட்டில் ஓங்கி இறக்கினான். என் கால் கிளட்சை அழுத்திக்கொண்டிருந்தது. கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். நின்றால் இந்த வாசலிலேயே எங்கள் கதை முடிந்துவிடும்.

"இறங்குடி! ரெண்டு பேரையும் இங்கயே புதைக்கிறேன்."

முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே கிளட்சை மெதுவாக விட்டேன். அவன் விலகவில்லை. நானும் நிறுத்தவில்லை. பம்பர் அவன் முட்டியில் இடித்தது. பானெட்டில் கையை ஊன்றினான், சறுக்கினான், கண்ணிலிருந்து மறைந்தான். என் பக்கத்து முன்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. பிறகுதான் அவன் அலறல் கேட்டது.

ஊர் எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அக்கா, ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

"நிறுத்துக்கா. அவரு செத்துட்டா?"

"சாகல. கத்துனது கேக்கல?"

"நிறுத்துன்றேன்ல!" ஒற்றைக் கண்ணோடு என் மேல் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாள். வண்டி ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கியது. எதிரே மணல் லாரி. ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே மறு கையால் அவளை அறைந்தேன். அவன் அடித்துக் கண் வீங்கியிருந்த அதே பக்கக் கன்னம். அவள் கையை எடுத்துவிட்டுக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். அவனிடம் எப்படிச் சுருண்டு உட்கார்ந்திருந்தாளோ அப்படியே என்னிடமும் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பப் பாலாற்றுப் பாலம் வந்தபோது டேஷ்போர்டு மங்கிக்கொண்டே போனது. இன்ஜின் விக்கியது. பாலத்தை இறங்கி ஓரிக்கைப் பக்கம் ஓரங்கட்டுவதற்குள் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். ஒரு 'டிக்' சத்தம், அவ்வளவுதான். எலக்ட்ரிகல்காரருக்குப் போன் போட்டேன். எங்கே என்று மட்டும் கேட்டார். பின்னால் யாராவது துரத்தி வருகிறார்களா என்று பாலத்தையே பார்த்துக்கொண்டு, ஜாக்கி திருப்புகிற இரும்புக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்திருந்தால் நிச்சயம் அடித்திருப்பேன்.

டூவீலரில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பேட்டரியை மாற்றி முடுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முதல்ல ஆஸ்பத்திரியா, ஸ்டேஷனாம்மா?"

"ஆஸ்பத்திரி."

"வண்டிய எடு. நான் பின்னாடியே வரேன்."

தங்கச்சிக்குத் தோள்பட்டை எலும்பு விரிசல். அவனுக்குக் கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு. நாங்கள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். அவன் என் மேல் புகார் கொடுத்தான். விசாரித்த அதிகாரியிடம், அவனே குறுக்கே வந்து விழுந்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவன் குறுக்கே வந்தது நிஜம். நான் பிரேக்கைத் தொடாததும் நிஜம்.

நாலு நாள் கழித்து எலக்ட்ரிகல்காரர் என் கண்முன்னாலேயே ஆல்டர்நேட்டரைக் கழற்றினார். உள்ளே ஒரு ரோட்டர். இன்ஜின் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. சும்மா சுற்றினால் ஒன்றும் வராது, முதலில் அதற்குள் கொஞ்சம் கரண்ட் போய் அது காந்தமாக வேண்டும். காந்தமாகிச் சுற்றினால்தான் வண்டிக்கு வேண்டிய கரண்ட் வெளியே வரும். அந்தக் கொஞ்சத்தை உள்ளே கொண்டுபோவது இரண்டு கரித்துண்டுகள்தான். அதுதான் கார்பன் பிரஷ். ஒன்று பாதி தேய்ந்திருந்தது. மற்றது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பருப்பு அளவுகூட இல்லை. முன்னாடியே மாற்றியிருந்தால் ஒரு மணி நேர வேலை.

இப்போது மாதம் ஒருமுறை நானே பானெட்டைத் திறக்கிறேன். பெல்ட்டை விரலால் அழுத்தித் தொய்வு பார்க்கிறேன், ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறேன். இன்ஜின் ஓடும்போது மீட்டர் பதினாலு வோல்ட்டைத் தொட்டால்தான் சவாரிக்கு எடுக்கிறேன்.

தங்கச்சி என்னோடுதான் இருக்கிறாள். பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை. இரண்டு மாதம் என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அவரு அடிச்சது கூட மறந்துடும்க்கா, நீ அடிச்சது மறக்க மாட்டேங்குது" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

போன மாதம் நாங்கள் அவன் மேல் கொடுத்த வழக்கு முதல் தடவையாகக் கோர்ட்டுக்கு வந்தது. அவன் ஊன்றுகோலோடு வந்தான். படியேற முடியாமல் திணறினான். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி சட்டென்று எழுந்து அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். நடுவில் நின்றாள். அவனும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் திரும்பி வந்து, என்னோடு ஒட்டாமல் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் அவளே எழுந்து உள்ளே போனாள்.